உங்களுக்குத் தெரியுமா? இளம் ஓட்டுநரும் கார் இன்ஷூரன்ஸ் விலையும்

பிரிட்டனில் 17 வயதில் கார் ஓட்டலாம். லைசென்ஸ் கைக்கு வந்த கையோடு பல வீடுகளில் ஒரு திகைப்பும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆயிரம் பவுண்டுக்கு வாங்கிய பழைய காருக்கு முதல் வருட இன்ஷூரன்ஸ் இரண்டாயிரம் பவுண்டு என்கிறார்கள். அம்மாவின் பெயரைச் சேர்த்தால் தொகை இறங்குகிறது. காப்பீட்டின் அளவைக் குறைத்துக் கேட்டால் ஏறுகிறது. மூன்று வாரம் முன்னால் கேட்டால் ஒரு விலை, முந்தின நாள் கேட்டால் இன்னொரு விலை. கண்ணை மூடிக்கொண்டு போட்ட தொகைபோலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தெரிந்தால் பணம் மிஞ்சும், சில நேரம் லைசென்ஸே தப்பும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். புதிதாக ஓட்ட வருபவரைப் பற்றி நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது. அவரைப் போன்றவர்கள் இதுவரை எவ்வளவு இழப்பீட்டுச் செலவு வைத்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும். அந்தக் கூட்டத்தின் கணக்கைத்தான் அவர் தலையில் எழுதுகிறார்கள்.

கார் மலிவுதானே?

மலிவுதான். ஆனால் அந்தப் பிரீமியத்தில் காருக்கான பங்கு கொஞ்சம்தான். பிரிட்டன் சட்டப்படி, உங்கள் காரால் இன்னொருவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால் நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. பொருள் சேதத்துக்குக்கூட குறைந்தது 12 லட்சம் பவுண்டு வரை காப்பீடு இருந்தாக வேண்டும். நிறுவனம் பயப்படுவது நசுங்கிய பம்பருக்கு அல்ல, பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் 18 வயது நண்பனுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டுவிடுமோ என்றுதான். அவனுக்கு இன்னும் 40, 50 வருடம் பராமரிப்பு வேண்டும்.

அந்த இழப்பீட்டை மொத்தமாகக் கணக்கிடும்போது அரசு ஒரு வட்டி விகிதத்தை நிர்ணயிக்கிறது. 1984இல் இதற்கான அட்டவணைகளைத் தயாரித்த குழுவின் தலைவர் மைக்கேல் ஆக்டன் பெயரால் அதை ஆக்டன் விகிதம் என்பார்கள். வாங்கிய தொகையை முதலீடு செய்தால், விலைவாசி உயர்வு போக, வருடத்துக்கு எவ்வளவு வளரும் என்ற அனுமானம் அது. 2017 வரை அது 2.5 சதவிகிதம். அந்த வருடம் மார்ச்சில் ஒரேயடியாக மைனஸ் 0.75 சதவிகிதம் ஆக்கினார்கள்.

எண்ணாகப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். ஒருவருக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் பவுண்டு வீதம் 40 வருடம் பராமரிப்புச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விகிதத்தில் இன்று தர வேண்டியது சுமார் 25 லட்சம் பவுண்டு. புதிய விகிதத்தில் அதே மனிதருக்கு, அதே காயத்துக்கு, சுமார் 47 லட்சம். விபத்து ஒன்றுகூடக் கூடாமலே செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. பலத்த காயம் விளைவிக்கும் விபத்துகளில் இளைஞர்களின் பங்கு அதிகம் என்பதால் இந்த மாற்றம் அவர்கள் பிரீமியத்தைத்தான் அதிகமாகத் தூக்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019இல் மைனஸ் 0.25 என்றும், 2025 ஜனவரியில் 0.5 சதவிகிதம் என்றும் மறுபடி உயர்த்தினார்கள். நான் பேசிய பெற்றோர் பலரும் விலையைப் பார்த்துக் கொதிக்கிறார்களே தவிர, அது ஒரு முதுகுத்தண்டின் விலை என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும். பையனுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறைவான காப்பீடு, கூடுதல் விலை

தேர்டு பார்ட்டி என்றால் எதிராளிக்கு மட்டும் பாதுகாப்பு. முழுக் காப்பீடு என்றால் உங்கள் காருக்கும் சேர்த்து. முன்னதுதானே மலிவாக இருக்க வேண்டும்? பிரிட்டனில் பல சமயம் தலைகீழாக இருக்கிறது. காசு குறைவாக இருந்த இளைஞர்கள் காலங்காலமாகத் தேர்டு பார்ட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு நேர்ந்த விபத்துகள் அந்தப் பாலிசியின் கணக்கில் ஏறின. கணக்கு கெட்டது, விலை ஏறியது. நிதானமாக ஓட்டுபவர்கள் முழுக் காப்பீட்டுக்கு நகர்ந்தார்கள், மிச்சமிருந்தவர்களின் கணக்கு இன்னும் கெட்டது. ஆகவே இரண்டுக்கும் விலை கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கற்பவருக்குக் குறைவு, தேறியவருக்கு அதிகம்

டெஸ்டில் பாஸாகாதவருக்கு விலை குறைவு. பாஸானதும் ஏறுகிறது. திறமை கூடியதற்குத் தண்டனையா என்று எந்தப் பதினேழு வயதுக்கும் தோன்றும். கற்பவர் தனியாக ஓட்ட முடியாது என்பதுதான் வித்தியாசம். பக்கத்தில் 21 வயது நிரம்பிய, மூன்று வருடமாவது லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் இருந்தாக வேண்டும். பாஸான நாளில்தான் அந்த இன்னொரு ஜோடிக் கண்கள் இறங்கிப் போகின்றன, நண்பர்கள் ஏறிக்கொள்கிறார்கள்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஏஏஏ அறக்கட்டளை 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, 16, 17 வயது ஓட்டுநருடன் 21 வயதுக்கு உட்பட்ட ஒரே ஒரு நண்பர் ஏறினால், ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் அந்த ஓட்டுநர் இறக்கும் அபாயம் 44 சதவிகிதம் கூடுகிறது. இருவர் ஏறினால் இரண்டு மடங்கு, மூவர் அல்லது அதற்கு மேல் ஏறினால் நான்கு மடங்கு. அதே காரில் 35 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் இருந்தால் அபாயம் 62 சதவிகிதம் குறைகிறது. பெற்றோர்கள் இந்த எண்களை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கலாம்.

இன்னொன்று. கற்பவர்களுக்கான பாலிசி பெரும்பாலும் டெஸ்டில் தேறிய அந்த நிமிடமே முடிந்துவிடும். பாஸான சந்தோஷத்தில் அப்படியே வீட்டுக்கு ஓட்டி வந்தால், அந்தப் பயணமே காப்பீடு இல்லாத பயணம்.

அம்மாவைச் சேர்த்தால் ஏன் குறைகிறது?

நம்பகமான, வயதில் மூத்த ஒருவர் இரண்டாவது ஓட்டுநராகப் பாலிசியில் இருந்தால், அந்தக் கார் ஓடும் நேரத்தில் ஒரு பங்கு அவர் கையில் என்று நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. இளைஞர் தனியாக ஓட்டும் மைல்கள் குறையும், அபாயமும் குறையும். அம்மா உண்மையிலேயே அவ்வப்போது ஓட்டுவார் என்றால் இது முழுக்க நேர்மையான வழி. ஒரு குறை மட்டும் உண்டு. பெற்றோர் பாலிசியில் துணை ஓட்டுநராக இருந்த வருடங்கள் பெரும்பாலான நிறுவனங்களில் அந்த இளைஞரின் நோ கிளெய்ம் போனஸாக, அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடியாக, சேராது. இன்று மிஞ்சும் பணத்தை நாலைந்து வருடம் கழித்து வரும் தள்ளுபடியோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தலைகீழாகச் செய்தால் குற்றம். மகன்தான் தினமும் ஓட்டுகிறான், ஆனால் அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டி மகனைத் துணைப் பெயராகப் போடுவது பிரிட்டனில் மோசடி. ‘எல்லாரும் செய்வதுதானே’ என்று சொந்தக்காரர் யாராவது யோசனை சொல்வார். அதன் பிறகு என்ன நடக்கும் என்பதையும் அவரிடம் கேட்க வேண்டும். விபத்து நடந்ததும் நிறுவனம் விசாரிக்கும். கார் எந்தக் கல்லூரி வாசலில் தினமும் நின்றது என்று கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. தெரிந்தே சொன்ன பொய் என்றால், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலிசியையே செல்லாததாக்கலாம், கட்டிய பிரீமியத்தையும் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையைக் குடும்பத்திடம் கேட்கலாம்.

அதோடும் நிற்காது. பாலிசி செல்லாமல் போனால் காப்பீடு இல்லாமல் ஓட்டியதாகவும் ஆகலாம். காப்பீடு இல்லாமல் ஓட்டியதற்கு வழக்கமான தண்டனை 300 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 புள்ளிகளும். பிரிட்டனில் 1995இல் கொண்டுவந்த புது ஓட்டுநர் சட்டப்படி, முதல் டெஸ்டில் தேறிய இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. ஒரே ஒரு குற்றத்திலேயே கதை முடிந்துவிடும். எழுத்துத் தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பிறகு எந்த நிறுவனத்திடம் போனாலும், ‘உங்கள் பாலிசி எப்போதாவது ரத்தாகியிருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டும். இருநூறு, முந்நூறு பவுண்டை மிச்சம்பிடிக்கப் போய்ப் பிள்ளையின் இருபதுகளை அடகு வைக்காதீர்கள் என்று தமிழ்க் குடும்பங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆணுக்கொரு விலை, பெண்ணுக்கொரு விலை

ஒரு காலத்தில் இளம் பெண்களுக்கு இன்ஷூரன்ஸ் நன்றாகவே மலிவு. பெல்ஜியத்தின் டெஸ்ட் அஷா என்ற நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், பாலினத்தை வைத்து விலை வைக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச் 1இல் தீர்ப்பளித்தது. அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த பிரிட்டனிலும் 2012 டிசம்பர் 21 முதல் புதிய பாலிசிகளில் அது நடைமுறைக்கு வந்தது.

விலைகள் சமமாகிவிட்டனவா என்றால் இல்லை. ஆண்கள் சராசரியாக இன்னும் அதிகம்தான் கட்டுகிறார்கள். பாலினத்தை விலைக்குக் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் என்ன கார், என்ன வேலை, வருடத்துக்கு எத்தனை மைல் என்று கேட்கிறார்கள். கட்டட வேலைக்கு ஒரு விலை, பல் மருத்துவ உதவியாளருக்கு ஒரு விலை என்று வைத்தால், கேட்காத கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடுகிறதே!

இந்தத் தீர்ப்பு எட்டாத கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்து இளைஞர் ஒருவர் தன் ஆவணங்களில் பாலினத்தைப் பெண் என்று மாற்றிப் பதிந்துகொண்டு வருடத்துக்குச் சுமார் 1,100 டாலர் மிச்சம்பிடித்தது 2018இல் செய்தியானது.

வேலையை எப்படிச் சொல்கிறீர்கள்?

ஒரே வேலைக்கு இரண்டு மூன்று பெயர் பொருந்தும் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வரும். ‘சமையல்காரர்’ ஒரு தொகை, ‘உணவக ஊழியர்’ இன்னொரு தொகை. உண்மைக்குள் நிற்கும் பெயர்களில் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது தவறில்லை. உண்மையைத் தாண்டினால் மேலே சொன்ன 2012 சட்டம்தான்.

மூன்று வாரம் முன்னால்

பாலிசி தொடங்கும் நாளுக்கு மூன்று முதல் நான்கு வாரம் முன்பே விலை கேட்பவருக்குப் பொதுவாகக் குறைந்த தொகை வரும். கடைசி நாள்வரை தள்ளிப்போடுபவர்கள் கூடுதலாகக் கிளெய்ம் செய்கிறார்கள் என்று நிறுவனங்களின் பழைய கணக்கு சொல்கிறது. காலண்டரில் குறித்து வைப்பதற்குச் செலவே இல்லை, செய்யுங்கள்.

காருக்குள் ஒரு பெட்டி

கூட்டத்தின் கணக்கிலிருந்து தன் கணக்கைப் பிரித்துக்காட்ட ஓர் இளைஞருக்கு இருக்கும் நேரான வழி இதுதான். பிளாக் பாக்ஸ் என்ற சிறு கருவியைக் காரில் பொருத்துகிறார்கள், அல்லது போனில் ஒரு செயலியைப் போடுகிறார்கள். எந்த நேரத்தில் ஓட்டுகிறீர்கள், எந்தச் சாலையில் என்ன வேகம், பிரேக்கை எவ்வளவு திடீரென்று அழுத்துகிறீர்கள், வளைவில் எப்படித் திரும்புகிறீர்கள் என்று அது பதிவு செய்கிறது. நன்றாக ஓட்டினால் புதுப்பிக்கும்போது விலை இறங்கும். மோசமாக ஓட்டினால் ஏறும், தொடர்ந்தால் பாலிசியே ரத்தாகும்.

வாங்குமுன் விதிகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். நள்ளிரவுப் பயணத்துக்குச் சில பாலிசிகளில் மதிப்பெண் குறையும். இரவு நேர வேலைக்குப் போகும் மருத்துவமனை ஊழியருக்கும் கிடங்குத் தொழிலாளிக்கும் இது அநியாயம். அவர்கள் ஊர் சுற்றப் போகவில்லை. அதே சமயம், விபத்து யார் தவறு என்ற சண்டையில் இந்தப் பதிவு ஓர் இளைஞரைக் காப்பாற்றவும் கூடும். சாட்சி இல்லாத சந்திப்பில் பெரியவர் சொல்வதையே எல்லாரும் நம்புவார்கள்.

வரியிலும் அவர்களுக்கே சுமை

இன்ஷூரன்ஸ் மீது பிரிட்டன் அரசு ஒரு வரி போடுகிறது. 1994இல் 2.5 சதவிகிதத்தில் தொடங்கியது, 2017 ஜூன் முதல் 12 சதவிகிதம். நீங்கள் பார்க்கும் விலைக்குள் அது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 2,000 பவுண்டு கட்டும் பதினெட்டு வயதுக்காரரிடமிருந்து சுமார் 214 பவுண்டு அரசுக்குப் போகிறது. 400 பவுண்டு கட்டும் அவருடைய அப்பாவிடமிருந்து சுமார் 43 பவுண்டு. சட்டம் கட்டாயப்படுத்தும் ஒன்றை வாங்குவதற்கு, சம்பாதிக்கத் தொடங்காதவரே அதிக வரி கட்டுகிறார். இது தவறு, மாற வேண்டும்.

மொத்தமாகக் கட்ட முடியாமல் மாதத் தவணை கேட்டால், பெரும்பாலான இடங்களில் அது வட்டிக் கடன். 20 சதவிகிதத்துக்கு மேலும் வட்டி போவதுண்டு.

எங்கே குடியிருக்கிறீர்கள்?

அஞ்சல் குறியீடு ஒரு பெரிய காரணி. திருட்டும் நெரிசலும் அதிகமான பகுதிக்கு விலை கூடும், அது புரிகிறது. ஆனால் 2022இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, வெள்ளையர் அல்லாதவர்கள் சராசரியாக வருடத்துக்கு 250 பவுண்டு அதிகம் கட்டுவதாகச் சொன்னது. இனத்தை வைத்து விலை வைப்பதில்லை என்று நிறுவனங்கள் மறுத்தன. நேரடியாக வைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மேலே பாலின விஷயத்தில் பார்த்த அதே கதை இங்கேயும் நடக்கலாம் அல்லவா? கேட்காத கேள்விக்கு அஞ்சல் குறியீடு பதில் சொல்லிவிடும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் வளரும் நம் பிள்ளைகள் வயதுக்கும் முகவரிக்கும் சேர்த்து இரண்டு முறை கட்டுகிறார்களா என்பதை நிறுவனங்களின் சூத்திரங்களைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். திறக்கச் சொல்லும் அதிகாரம் பிரிட்டனின் நிதித்துறை ஒழுங்குமுறை ஆணையத்திடம் இருக்கிறது.

வயதையே கேட்காத தீவு

அமெரிக்காவின் ஹவாய் மாநிலச் சட்டம் வயது, பாலினம், எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார் என்ற எதையும் வைத்துக் கார் இன்ஷூரன்ஸ் விலை வைக்கக் கூடாது என்கிறது. அங்கே இளைஞர்களின் செலவை எல்லா வயதினரும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

பிரான்ஸ் நடுவழியில் போகிறது. புது ஓட்டுநரிடம் கூடுதலாக வாங்கலாம், ஆனால் அடிப்படைப் பிரீமியத்தின் 100 சதவிகிதத்துக்கு மேல் கூடாது. முதல் வருடம் கிளெய்ம் இல்லாமல் போனால் 50, அடுத்து 25, பிறகு இல்லை. 15 வயதிலிருந்தே பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பழகியவருக்குத் தொடக்கமே 50தான். பழகும் மைல்களுக்குச் சட்டமே விலை வைத்திருக்கிறது. நான் பார்த்தவற்றில் இந்த ஏற்பாடே எனக்கு நியாயமாகப் படுகிறது.

இந்தியாவில் இந்தக் குழப்பமே வேறு மாதிரி. தனியார் காரின் தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது, அதுவும் இன்ஜின் அளவை வைத்து. 2022 ஜூனில் அறிவித்த விகிதப்படி 1000 சிசிக்குள் 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. சென்னையில் 18 வயதுப் பேரனுக்கும் 70 வயதுத் தாத்தாவுக்கும் அது ஒரே தொகைதான்.

டெஸ்டுக்கு முன்பே வந்தது

பிரிட்டனில் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது 1930ஆம் ஆண்டுச் சட்டம். ஓட்டுநர் டெஸ்ட் கட்டாயமானது 1935இல்தான். காப்பீடு இல்லாதவர் மோதினால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுக்க 1946இல் மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ என்ற அமைப்பு வந்தது. அதன் செலவை நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன, அதாவது ஒழுங்காகக் கட்டுகிற ஒவ்வொருவரின் பிரீமியத்திலும் கட்டாதவரின் பங்கு கொஞ்சம் இருக்கிறது.

35 வயதிலும் ‘புது ஓட்டுநர்’

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காகப் பிரிட்டன் போகிறவர்களுக்கு இது. அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை சொந்த நாட்டு லைசென்ஸில் ஓட்டலாம். அதன்பின் பிரிட்டன் லைசென்ஸ் வேண்டும். ஆஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர்போலச் சில நாடுகளின் லைசென்ஸை மாற்றித் தருகிறார்கள். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை, எனவே எழுத்துத் தேர்விலும் ஓட்டுநர் டெஸ்டிலும் தேற வேண்டும். மதுரையில் பத்து வருடம் ஓட்டியவராக இருந்தாலும் லைசென்ஸில் முதல் தேதி தேறிய நாளின் தேதிதான், பல நிறுவனங்களின் கணக்கில் அவரும் புதியவர்தான். ஊரில் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்கான கடிதத்தைக் கிளம்புமுன் பழைய நிறுவனத்திடம் ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை ஏற்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விலை கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.